கிபிரும் நம்ம பிள்ளைகளும்



இது நீளமான பதிவு. ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டுக் கருத்துப் பெட்டிக்கு ஓட வேண்டாம். வகுப்பில் நான் பாதி சொல்லும்போதே கையைத் தூக்குகிற பழக்கம் உங்களில் சிலருக்கு இன்னும் போகவில்லை.

போன வாரம் நம்ம பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நம்ம பிள்ளை ஒருவனுக்கு ஓசூர்ப் பக்கம் விமான உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. கீரப்பாளையத்தில் நாற்று நட்ட கையும் களை பறித்த கையும் வளர்த்த பிள்ளை. மனசு நிறைந்து வாழ்த்தினேன். அவன் ஒரு தேஜஸ் விமானத்தின் படத்தைப் போட்டு, "இனிமே நாமளே வெளிநாட்டுக்குப் போர் விமானம் விப்போம் சார்" என்று எழுதினான். இருபது கைதட்டல் வந்தது. நடுவில் ஒரு பெண் பிள்ளை, "யாருக்கு விப்பீங்க?" என்று இரண்டே வார்த்தை எழுதியது. அவ்வளவுதான். தேசபக்தி, பொறாமை, அரசியல், கட்சி எல்லாம் உள்ளே வந்துவிட்டன. கடைசியில் "சார் தீர்ப்பு சொல்லட்டும்" என்றார்கள்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண் கேட்டதுதான் சரியான கேள்வி. அவனுக்கு வேலை கிடைத்ததற்கும் அந்தக் கேள்விக்கும் பகை இல்லை. அந்த வேலையில் இருப்பவன்தான் அதை முதலில் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்ல, ஒரே ஒரு விமானத்தின் கதையை எடுத்துக்கொள்கிறேன். நமக்குக் கடல் தாண்டிக் கூப்பிடு தூரத்தில் பறந்த விமானம் அது.

கிபிர் என்ற பெயரை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். நம்ம மாவட்டத்து இலங்கைத் தமிழர் முகாம்களில் இருக்கும் பெரியவர்களிடம் பேசினால் இந்தச் சொல் வராமல் இருக்காது. "கிபிர் அடிச்சது", "கிபிர்க்காரன் வந்திட்டான்" என்பார்கள். அது ஒரு விமானத்தின் பெயர் என்பதே மறந்துபோய், குண்டு போட வருகிற எந்த ஜெட்டுக்கும் அதுவே பொதுப்பெயர் ஆகிவிட்டது. ஹீப்ரு மொழியில் அதற்குச் சிங்கக்குட்டி என்று பொருள். சிங்கக் கொடி பிடித்த நாடு அதை வாங்கியது தற்செயல்தான்.

அதன் பிறப்பே ஒரு தடையில் இருந்து வந்தது. 1967 போருக்கு முன் இஸ்ரேல் பிரான்சிடம் 50 மிராஜ் விமானங்களுக்குப் பணம் கட்டியிருந்தது. போர் வந்ததும் பிரெஞ்சு அதிபர் டி கால் கொடுக்க முடியாது என்று நிறுத்திவிட்டார். பணம் கட்டியும் சரக்கு வரவில்லை. இஸ்ரேல் சும்மா இருக்கவில்லை. மிராஜ் எஞ்சினின் வரைபடங்களை சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஒருவர் ரகசியமாகக் கொடுத்தார். பிடிபட்டுச் சிறைக்கும் போனார். மிராஜைப் பார்த்துத் தாங்களே ஒன்றைச் செய்து, பிறகு அதில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் ஜே-79 எஞ்சினைப் பொருத்தினார்கள். அதுதான் கிபிர். 1975 வாக்கில் இஸ்ரேல் விமானப்படைக்கு வந்தது.

அந்த எஞ்சின் விஷயத்தைக் கவனியுங்கள். உடம்பு இஸ்ரேலுடையது, இதயம் அமெரிக்காவுடையது. அதனால் அமெரிக்கா தலையாட்டாமல் கிபிரை யாருக்கும் விற்க முடியாது. 1977-ல் இஸ்ரேல் 24 கிபிர்களை ஈக்வடாருக்கு விற்க ஒப்புக்கொண்டபோது, அதிபர் கார்ட்டர் முடியாது என்று சொல்லிவிட்டார். ஒரு உறுப்பைச் செய்து கொடுத்தவன் முழு வியாபாரத்தையும் நிறுத்தினான். சில ஆண்டுகள் கழித்து ஆட்சி மாறிய பிறகுதான் ஈக்வடாருக்குக் கிடைத்தது. 1995-ல் பெருவுடன் எல்லைச் சண்டை வந்தபோது ஈக்வடாரின் கிபிர் ஒன்று பெருவின் விமானத்தை வானத்திலேயே வீழ்த்தியது. போர் விமானம் செய்ய வேண்டிய வேலை என்று அதைச் சொல்லலாம். எதிரில் இருந்ததும் ஒரு நாட்டின் படை, அவர்களிடமும் விமானம் இருந்தது.

இலங்கைக்குக் கிபிர் வந்தது 1996 தொடக்கத்தில். இஸ்ரேல் தன் படையில் கிபிரைக் கழித்துக்கொண்டிருந்த காலம் அது. முதலில் ஏழு, 2000-ஐ ஒட்டி இன்னொரு தொகுதி, மொத்தம் பதினாறு அளவில் வாங்கினார்கள். கட்டுநாயக்கவில் 10-ஆம் ஸ்குவாட்ரன் என்று தனியாக ஒரு அணியே அமைத்தார்கள். ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் போகக்கூடிய விமானம். சண்டை போட வந்த அந்நிய நாட்டு விமானப்படை எது? ஒன்றும் இல்லை.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் இது புதிதல்ல என்று தெரியும். இலங்கை விமானப்படை 1951-ல் பிரிட்டிஷ்காரர் துணையோடு தொடங்கப்பட்டது. அவர்களிடம் வாங்கிய ஜெட் புரோவோஸ்ட் விமானங்கள் திருகோணமலைப் பக்கம் சீனன்குடாவில் ஓரமாக நிறுத்திக் கிடந்தன. 1971 ஏப்ரலில் ஜே.வி.பி. கிளர்ச்சி வந்ததும் அவற்றைத் தூசி தட்டி எடுத்துத் தாக்கினார்கள். அந்தக் கிளர்ச்சியில் இருந்தவர்கள் பெரும்பாலும் கிராமத்துச் சிங்கள இளைஞர்கள். அதே ஆண்டு சோவியத் யூனியனில் இருந்து மிக்-17 வந்தது. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குழுவில் ஒரு தம்பி இதைச் 'சிங்களவன் தமிழன்' சண்டையாகவே எழுதியிருந்தான். எதிரி நாடு இல்லாத ஒரு சின்ன நாடு ஜெட் வாங்கினால், அதன் மூக்கு எந்தப் பக்கம் திரும்பும் என்பதை 1971-லேயே சிங்களத் தாய்மார்கள் பார்த்துவிட்டார்கள். தமிழ்த் தாய்மார்கள் பிறகு பார்த்தார்கள்.

நம்ம நாட்டையும் விட்டுவிடக் கூடாது. 1966 மார்ச் 5-ஆம் தேதி, இன்றைய மிசோரமின் ஐசால் நகரத்தின் மேல் இந்திய விமானப்படையே தாக்குதல் நடத்தியது. போனவை துஃபானி, ஹன்டர் விமானங்கள். துஃபானி பிரான்சில் வாங்கியது, ஹன்டர் பிரிட்டனில் வாங்கியது. அங்கே மிசோ கிளர்ச்சி நடந்தது உண்மைதான். ஆனால் கடைத்தெருவும் வீடுகளும் எரிந்த ஊர் அது. 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் இது ஒரு கட்சிச் சண்டையாகப் பேசப்பட்டபோதுதான் உங்களில் பலருக்குத் தெரிய வந்திருக்கும். பாடப்புத்தகத்தில் நான் இதை நடத்தியதில்லை. புத்தகத்தில் இருந்தால்தானே நடத்துவதற்கு.

சரி, கிபிருக்கு வருகிறேன். ஒரு கணக்குப் போடலாம், எட்டாம் வகுப்புக் கணக்குதான். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். மின்னல் முதலில், இடி பிறகு என்று படித்தது ஞாபகம் இருக்கும். ஒரு ஜெட் முழு வேகத்தில் கூட வேண்டாம், மணிக்கு 900 கிலோமீட்டரில் உங்களை நோக்கி வருகிறது என்று வையுங்கள். நொடிக்கு 250 மீட்டர். ஐந்து கிலோமீட்டர் தள்ளி அது எழுப்பிய சத்தம் உங்கள் காதுக்கு வர ஏறக்குறைய 15 நொடி ஆகும். அந்த 15 நொடிக்குள் விமானம் மூன்றே முக்கால் கிலோமீட்டர் வந்துவிடும். அதாவது ஐந்து கிலோமீட்டரில் எழுந்த சத்தம் உங்கள் காதில் விழும் நேரத்தில் விமானம் ஒன்றேகால் கிலோமீட்டரில் இருக்கும். உங்களிடம் மிச்சம் இருப்பது ஐந்து நொடி. சிதம்பரம் கீழவீதியில் நிற்கிறீர்கள், கையில் ஒரு குழந்தை, வீட்டில் நடக்க முடியாத அம்மா. ஐந்து நொடியில் என்ன செய்வீர்கள்?

வன்னியில் வீட்டுக்கு வீடு பதுங்குகுழி வெட்டி வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்திலும் வெட்டியிருந்தார்கள். பங்கர் என்பார்கள். ஆளில்லாத வேவு விமானத்துக்கு வண்டு என்று பெயர். வண்டு சுற்றினால் கொஞ்ச நேரத்தில் கிபிர் வரும் என்று பிள்ளைகளுக்கே தெரியும். நம்ம பிள்ளைகள் மேகத்தைப் பார்த்து மழை வருமா என்று கணிப்பது போல அந்தப் பிள்ளைகள் வானத்துச் சத்தத்தைப் படிக்கக் கற்றிருந்தார்கள்.

1999 செப்டம்பர் 15-ல் புதுக்குடியிருப்புப் பக்கம் மந்துவிலில் குண்டு விழுந்து இருபதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள். செஞ்சிலுவைச் சங்கமே அதை உறுதி செய்தது. 2007 ஜனவரி 2-ல் மன்னார் மாவட்டம் படகுத்துறையில் மீனவர் குடியிருப்பின் மேல் விழுந்தது. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் நேரில் போய்ப் பார்த்து, இறந்தவர்கள் சாதாரண மக்கள் என்று சொன்னார். இப்படி ஒவ்வொன்றாக எழுதினால் இந்தப் பதிவு முடியாது.

ஆனால் ஒன்றை மட்டும் விட முடியாது. 2006 ஆகஸ்ட் 14 காலை, முல்லைத்தீவு மாவட்டம் வள்ளிபுனம், செஞ்சோலை வளாகம். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துப் பள்ளிகளில் மேல்வகுப்புப் படிக்கும் பெண் பிள்ளைகள் முதலுதவிப் பயிற்சிக்காக வந்து தங்கியிருந்தார்கள். நம்ம கணக்கில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள். கிபிர்கள் வந்து குண்டு போட்டன. ஐம்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் செத்துப் போனார்கள். அது புலிகளின் பயிற்சி முகாம் என்று அரசு சொன்னது. அந்த இடத்தைப் பார்த்த நார்டிக் நாட்டுப் போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு, ராணுவ முகாமுக்கான அடையாளம் எதுவும் இல்லை என்றது. அவர்கள் பள்ளி மாணவிகள் என்று யுனிசெஃப் சொன்னது. நம்ம சட்டமன்றம் கண்டனத் தீர்மானம் போட்டது. மறுநாள் நம்ம ஊர்ப் பள்ளிகளில் சுதந்திர தினக் கொடியேற்றம், மிட்டாய். அந்த வாரம் வகுப்பில் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பெயர் கூப்பிட்டபோது எனக்குக் குரல் சரியாக வரவில்லை. ஐம்பது என்பது ஒரு முழு வகுப்பு.

இங்கே சிலர் உடனே எழுதுவீர்கள் என்று தெரியும்: "புலிகள் செய்ததைச் சொல்ல மாட்டீர்களா சார்?" சொல்கிறேன். கிபிர் வந்த அதே 1996 ஜனவரியின் கடைசி நாளில்தான் புலிகள் கொழும்பு மத்திய வங்கியில் லாரி குண்டு வைத்து 91 பேரைக் கொன்றார்கள். செஞ்சோலைக்கு இரண்டு மாதம் முன்பு, 2006 ஜூன் 15-ல் கெப்பிட்டிகொல்லாவவில் ஒரு பஸ்ஸில் கண்ணிவெடி வைத்து அறுபதுக்கும் மேற்பட்ட கிராமத்து மக்களைச் சாகடித்தார்கள். அதிலும் பள்ளிப் பிள்ளைகள் இருந்தார்கள். சின்னப் பிள்ளைகளைப் படையில் சேர்த்ததும் அவர்கள்தான். இதில் எதையும் நான் நியாயப்படுத்தப் போவதில்லை. அந்தப் பஸ்ஸில் இருந்த பிள்ளையும் என் மாணவிதான். ஆனால் குற்றம் செய்தவனைப் பிடிப்பதற்கு, ஒரு வளாகத்தின் மேல் வானத்தில் இருந்து குண்டைக் கொட்டலாம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? எதிரி உள்ளே இருக்கிறானா, எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எதிரே நின்று பார்க்காமல் முடிவு செய்யும் வசதியை அந்த விமானம் கொடுத்தது. விற்றவர்களுக்கு இது தெரியாதா?

தெரியும். நான் சொல்ல வருவது இதுதான். 1999-ல் தெரிந்த பிறகும் 2000-ஐ ஒட்டி இரண்டாவது தொகுதி கொடுத்தார்கள். 2001 ஜூலை 24-ல் புலிகள் கட்டுநாயக்க விமானதளத்துக்குள் நுழைந்து இரண்டு கிபிர்கள் உட்படப் பல விமானங்களை அழித்தார்கள். ஈக்வடார் விஷயத்தில் கார்ட்டருக்கு இருந்த அதே கடிவாளம் பிறகு வந்த அமெரிக்க அதிபர்கள் கையிலும் இருந்தது. ஈக்வடார் கிபிர் வாங்கினால் தென் அமெரிக்காவில் ஆயுதப் போட்டி வரும் என்று கவலைப்பட்டவர்களுக்கு, வன்னியில் பதுங்குகுழி வெட்டுகிறவர்களைப் பற்றி அந்தக் கவலை வரவில்லை. முடியாமல் போனது வேறு, வேண்டாம் என்று இருந்தது வேறு.

கிபிர் வைத்திருந்த இன்னொரு நாடு கொலம்பியா. அங்கும் உள்நாட்டுக் கிளர்ச்சிதான். 2019 ஆகஸ்டில் அந்த நாட்டுப் படை ஒரு கிளர்ச்சி முகாமை வானில் இருந்து தாக்கியதில் சிறுவர்களும் இறந்தார்கள். அதை மறைத்தார்கள் என்று நாடாளுமன்றத்தில் வெளிவந்ததும் நவம்பரில் பாதுகாப்பு அமைச்சர் பதவியை விட்டுப் போனார். செஞ்சோலைக்காக யாரும் பதவி விலகவில்லை.

பணக் கணக்கையும் பார்த்துவிடலாம். 2009-ல் போர் முடிந்தது. 2011-ல் விமானப்படையின் அறுபதாம் ஆண்டு விழா ஒத்திகையில் இரண்டு கிபிர்கள் ஒன்றோடொன்று மோதி விழுந்து ஒரு விமானி இறந்தார். அவரும் யாரோ ஒரு தாயின் பிள்ளை. பிறகு மிச்சம் இருந்த விமானங்கள் பறக்க முடியாமல் நின்றன. 2021-ல் ஐந்து கிபிர்களைச் சீராக்க இஸ்ரேல் கம்பெனியுடன் சுமார் 5 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டார்கள். அடுத்த ஆண்டு மார்ச்சில் காகிதம் வாங்கக் காசில்லாமல் மேல் மாகாணத்தில் பள்ளித் தேர்வைத் தள்ளி வைத்தார்கள். ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். வினாத்தாள் அச்சடிக்கப் பணமில்லாத அரசிடம் கிபிருக்கு ஒப்பந்தம் இருந்தது. ஆசிரியராக இருந்தவனுக்கு இந்த ஒரு செய்தி போதும்.

உக்ரைனில் வாங்கிய மிக்-27 விவகாரம் இன்னொரு கதை. ஊழல் நடந்தது என்று எழுதிய சண்டே லீடர் பத்திரிகை மேல் அவதூறு வழக்கு. அதன் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8-ல் நடுரோட்டில் கொல்லப்பட்டார். அந்தக் கொலையில் இன்றுவரை யாருக்கும் தண்டனை இல்லை. ஆயுத வியாபாரத்தை மூடி வைத்தால் என்னென்ன வளரும் என்பதற்கு அதுவும் ஒரு உதாரணம்.

"நமக்கென்ன சார், நாம விற்கவில்லையே" என்று கேட்கலாம். 1987 ஜூன் 4-ல் யாழ்ப்பாணத்தின் மேல் நம்ம விமானங்கள் பறந்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஐந்து ஏஎன்-32 விமானங்களில் 25 டன் உணவும் மருந்தும் போட்டார்கள். காவலுக்குப் போனவை மிராஜ் 2000 போர் விமானங்கள், அவையும் பிரான்சில் வாங்கியவைதான். அன்றைக்குத் தமிழ்நாடே பெருமைப்பட்டது. பிறகு காலம் மாறியது. புலிகள் சின்ன விமானங்களைப் பறக்கவிட்ட காலத்தில் இலங்கையின் கையில் இருந்தது நாம் கொடுத்த இந்திரா ராடார். 2012 ஜூலையில் இலங்கை விமானப்படையினருக்குத் தாம்பரத்தில் பயிற்சி நடப்பது தெரிந்து இங்கே எதிர்ப்பு கிளம்பியது. முதலமைச்சர் ஜெயலலிதா திருப்பி அனுப்பச் சொன்னார். டெல்லி அவர்களை பெங்களூருப் பக்கம் எலகங்காவுக்கு மாற்றியது. இடத்தை மாற்றினார்கள், பாடத்தை மாற்றவில்லை.

இன்றைக்கு நாமே விற்கிறவர்கள். 2013-14-ல் 686 கோடி ரூபாயாக இருந்த நம்ம ராணுவத் தளவாட ஏற்றுமதி, 2024-25-ல் 23,622 கோடி. பிலிப்பைன்சுக்கு பிரம்மோஸ் ஏவுகணை போயிருக்கிறது. ஆர்மீனியாவுக்கும் தளவாடம் போகிறது. தேஜசையும் வெளியே விற்கப் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டில் சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி என்று பாதுகாப்புத் தொழில் வழித்தடம் வந்திருக்கிறது. நெய்வேலியில் ஒப்பந்தக் கூலியாக இருந்தவர் வீட்டுப் பையன் சி.என்.சி. எந்திரத்தில் விமானத்துக்குப் பாகம் கடைகிறான் என்றால் அது சின்ன விஷயம் இல்லை. அந்தச் சம்பளத்தில் வீடு எழும்பும், தங்கைக்குக் கல்யாணம் நடக்கும். அதைக் குறை சொல்கிற வாய் எனக்கு இல்லை.

ஆனால் மியான்மரையும் பார்க்கிறேன். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, அந்த நாட்டு விமானப்படை ரஷ்யாவிலும் சீனாவிலும் வாங்கிய ஜெட்டுகளைச் சொந்தக் கிராமங்களின் மேலேயே ஓட்டுகிறது. 2023 ஏப்ரல் 11-ல் பாசிஜி என்ற கிராமத்தில் கூடியிருந்தவர்கள் மேல் குண்டு போட்டு நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அடுத்த மாதம் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ், ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு அந்த ராணுவத்துக்கு எங்கிருந்தெல்லாம் ஆயுதமும் பொருளும் போயின என்று பட்டியல் போட்டார். அதில் ரஷ்யா, சீனா, சிங்கப்பூருக்கு அடுத்து இந்தியாவின் பெயரும் இருந்தது, 5 கோடியே 10 லட்சம் டாலர். நம்ம பக்கத்தில் பர்மாவுக்குப் போய்ப் பிழைத்து, அறுபதுகளில் கையில் ஒன்றும் இல்லாமல் திரும்பிய குடும்பங்கள் எத்தனை! அந்த மண்ணில் இன்னும் நம்ம உறவுகள் இருக்கின்றன. "யாருக்கு விப்பீங்க" என்று அந்தப் பிள்ளை கேட்டதற்கு ஒரு பதில் ஏற்கெனவே வந்துவிட்டது.

"ஒரு திருகாணி செய்கிறவன் என்ன செய்ய முடியும் சார்?" என்று ஓசூர்த் தம்பி எனக்குத் தனியாக எழுதியிருந்தான். தம்பி, விமானத்தின் விஷயத்தில் திருகாணி செய்கிறவனுக்குத்தான் பலம். உன் தேஜசையே எடுத்துக்கொள். எஞ்சின் அதே ஜெனரல் எலக்ட்ரிக்குடையது. அது தாமதமானதால் நம்ம விமானப்படைக்கே தேஜஸ் தாமதம். அர்ஜென்டினாவுக்கு தேஜஸ் விற்கலாம் என்று பேச்சு வந்தபோது, உள்ளே இருந்த பிரிட்டிஷ் பாகங்கள் குறுக்கே நின்றன. ஃபாக்லாந்து போர்ப் பகையில் பிரிட்டன் அந்த நாட்டுக்கு ஆயுதப் பொருள் கொடுப்பதில்லை. ஆபத்தில் விமானியைத் தூக்கி எறிகிற இருக்கை செய்பவனுக்கே இவ்வளவு அதிகாரம். நெதர்லாந்தில் 2024 பிப்ரவரியில், காசா மேல் பறக்கும் எஃப்-35 விமானங்களுக்கான உதிரிபாகங்களை இஸ்ரேலுக்கு அனுப்பக் கூடாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் உத்தரவிட்டது. வழக்குப் போட்டவை சாதாரண தொண்டு அமைப்புகள். பிறகு அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, உரிமத்தை மறுபடி ஆராயும்படி அரசிடமே வேலை வந்தது. முழு வெற்றி இல்லை. ஆனால் உதிரிபாகம் என்றாலும் கேட்கலாம் என்று ஒரு நாட்டு நீதிமன்றத்தில் பதிவாகிவிட்டது.

நம்ம நாட்டில் அப்படிக் கேட்க வழி இருக்கிறதா? ஏற்றுமதி அனுமதி அதிகாரிகள் மட்டத்தில் கொடுக்கப்படுகிறது. நாடாளுமன்றத்தில் வைத்து ஒப்புதல் வாங்கும் வழக்கம் இல்லை. ஆயுதம் பொதுமக்கள் மேல் பாயும் என்று தெரிந்தால் விற்கக் கூடாது என்று சொல்லும் ஆயுத வணிக உடன்படிக்கை 2013-ல் ஐ.நா.வில் வாக்கெடுப்புக்கு வந்தபோது, இந்தியா ஆதரவும் இல்லை எதிர்ப்பும் இல்லை என்று ஒதுங்கிக்கொண்டது. வாங்குகிற நாடான நமக்கு அது பாதகம் என்று அப்போது காரணம் சொன்னார்கள். இப்போது நாம் விற்கிற நாடும் ஆகிவிட்டோமே, இனி என்ன காரணம்?

ஓசூர்த் தம்பிக்கு என் பதில் இது. வேலையில் சேர். சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிடு, ஷிஃப்ட் என்று சொல்லிக் காலை உணவை விடாதே. உங்கள் கம்பெனியில் சங்கம் இருந்தால் அதில் சேர். சரக்கு எந்த நாட்டுக்குப் போகிறது என்று கூட்டத்தில் ஒரு முறை கேட்டுப் பார். ரகசியம் என்பார்கள். பாகத்தின் அளவு ரகசியமாக இருக்கலாம், நாட்டின் பெயர் எதற்கு ரகசியம் என்று அடுத்த கூட்டத்தில் கேள். நீ தனியாகக் கேட்டால் வேலை போகும். பத்துப் பேர் சேர்ந்து கேளுங்கள்.

என் பங்குக்கு நம்ம சிதம்பரம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுகிறேன். மூன்று கேள்விகளை அவையில் எழுப்பச் சொல்லிக் கேட்கப் போகிறேன். 2021 பிப்ரவரிக்குப் பிறகு மியான்மருக்கு எந்தெந்த ராணுவப் பொருள் ஏற்றுமதிக்கு அனுமதி கொடுக்கப்பட்டது? விற்ற பொருள் சொந்த மக்கள் மேல் பயன்பட்டால் உதிரிபாகத்தை நிறுத்துவோம் என்று நம்ம ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்கிறதா? ஆண்டுதோறும் எந்த நாட்டுக்கு என்ன விற்றோம் என்ற பட்டியலை அவையில் வைப்பார்களா?

கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் பெயரும் ஊரும் மட்டும் குழுவில் போடுங்கள். உறவினர்களில் அரசு வேலையில் இருப்பவர்கள் போட வேண்டாம், சங்கடம் வேண்டாம். கடிதத்தைக் கையால் எழுதி வைத்திருக்கிறேன். கணினியில் அடித்துக் கொடுக்க யாராவது வந்தால் நல்லது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். வருகிறவர்கள் காபி வேண்டுமா டீ வேண்டுமா என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பால் வாங்கி வைக்க வேண்டும்.